காசிக்கு நீ கொடுத்த இலவச டிக்கெட்

‘அன்புள்ள மகனுக்கு’ என்று தொடங்கினேன். பிறகு ‘அன்புள்ள’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன். வேறு தாள் எடுத்துத் திருத்தமாக எழுதியிருக்கலாம். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் அப்படியே விட்டிருக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்த இரண்டாவது நிமிஷம் உனக்கு வேறு லைன் வந்துவிடும். கடிதத்துக்கு நடுவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். காலையில் குளித்து, வடிவுடையாள் சன்னதிக்குப் போய் நின்றுவிட்டு வந்து, பிள்ளையார் சுழி போட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். கோபத்தில் ஒரு பைசா கூட்டியும் சொல்லிவிடக் கூடாது, பாசத்தில் ஒரு பைசா குறைத்தும் சொல்லிவிடக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தது நினைவிருக்கும். மருமகள் ஒரு துணிப்பை நிறையக் காகிதம் கொண்டுவந்தாள். நீ காலை நீட்டி உட்கார்ந்து, “யம்மா, ரெண்டு கார்டுக்கும் வருஷ சந்தா வர்ற டைமு. ஒண்ணு நீலம், ஒண்ணு தங்கக் கலரு. ரெண்டுமே பிளேன் கார்டுதான். எது வொர்த்துனு நீயே பாத்து சொல்லு. நீதான் கணக்குல கில்லாடியாச்சே” என்றாய். கூடவே மூன்றாவதாக ஒரு கார்டுக்கான படிவம். உன் நைனா கப்பல் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றபோது ஹார்பரில் கொடுத்த பணம் ஐந்து லட்சம் என் பெயரில் டெபாசிட்டாக இருக்கிறதே, அதை ஜாமீனாக வைத்தால் உனக்கு இன்னும் பெரிய கார்டு கொடுப்பார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொன்னாய். கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே, நைனாவின் முதல் வருஷத் திதியைக் காசியில் கொடுத்துவிடலாம், தங்கக் கார்டில் எனக்கு ஒரு இலவச டிக்கெட் வந்திருக்கிறது, போக வர, என் பெயரை மட்டும் போட்டால் போதும் என்றாய். காசி என்றதும் நான் அழுதேன். அந்த அழுகையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழியிருந்தால் எடுத்துக்கொள்வேன்.

நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். இங்கிலீஷை ரேஷன் கடை அறிவிப்பிலும் மருந்துச் சீட்டிலும் எழுத்துக் கூட்டிப் படித்தவள். உன் கார்டுகளோடு வந்த பொடி எழுத்துக் காகிதத்தை உன் நைனாவின் பூதக்கண்ணாடியை வைத்து நான்கு நாள் படித்தேன். தெரியாத வார்த்தைக்கு அகராதி பார்த்தேன். நீ டிகிரி வாங்கியவன், மூன்று வருஷமாக அந்தக் காகிதத்தைப் பிரிக்கவே இல்லை என்பது மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. உன் ஆறாம் வகுப்பு டீச்சர் உனக்குக் கணக்கு வராது என்று சொன்னபோது, பள்ளிக்கூட வாசலில் நின்று அவரோடு சண்டை போட்டேன். அந்த அம்மாள் உயிரோடு இருந்தால் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

முதலில் நீலக் கார்டு. முழுதாக முடிந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டேன், அதாவது உன் நைனா இறந்த மார்ச்சோடு முடிந்த வருஷம். சந்தா வரியோடு ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். நீ அதில் தேய்த்தது ஐந்து லட்சத்து அறுபதாயிரம். நூறு ரூபாய்க்கு இரண்டு மைல், அதாவது பிளேன் டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும் புள்ளி, தருவார்கள் என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கட்டுவதற்கும் டீசலுக்கும் மைல் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. உன் செலவில் சுங்க வரியும் துறைமுகக் கட்டணமும் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம், லாரிக்கு டீசல் அறுபதாயிரம். இரண்டையும் கழித்தால் மைல் விளைந்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மட்டும். நாலாயிரத்து இருநூறு மைல். ஒரு மைலுக்கு ஐம்பது பைசா என்று தாராளமாகவே போட்டேன், இரண்டாயிரத்து நூறு ரூபாய். விமான நிலைய ஓய்வறையில் ஆறு தடவை ஓசியில் சாப்பிட்டிருக்கிறாய். ஒரு தடவைக்கு முந்நூறு என்று வைத்தாலும் ஆயிரத்து எண்ணூறு. ஆக ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் கொடுத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம் வாங்கியிருக்கிறாய். இது வட்டிக்கு முன்னால். அந்த வருஷம் நீலத்துக்கு நீ கட்டிய வட்டி முப்பத்தோராயிரத்து இருநூறு.

வட்டி ஏன் வந்தது என்பதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கன்டெய்னர் இறங்கினால் வரி, கட்டணம் எல்லாம் சரக்குக்காரர் கட்ட வேண்டியது. சுங்கத்திலிருந்து அதை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் வேலை பார்ப்பவன் நீ. அவர் பணம் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதுதானே. நீ முந்திக்கொண்டு உன் கார்டில் கட்டுகிறாய். மைல் வருமாம். அரசாங்கக் கட்டணத்துக்கு வராது என்று மேலே சொல்லிவிட்டேன். கார்டுக்காரன் உனக்குக் கொடுக்கும் தவணை நாற்பத்தைந்து நாள். உன் மண்ணடிச் சரக்குக்காரர் உனக்குப் பணம் தருவது எழுபதாவது நாள். நடுவில் இருக்கும் இருபத்தைந்து நாளில் நீதான் வேகிறாய். அவர் பார்க்கும்போதெல்லாம் உன்னை ‘தம்பி மாதிரி ஒரு ஆளு கிடைக்காது’ என்று சொல்வதாகப் பெருமையாகச் சொல்வாயே, உண்மைதான். இந்த வட்டாரத்தில் தேடினாலும் கிடைக்காது.

தங்கக் கார்டுக்குச் சந்தா பதினோராயிரத்து எண்ணூறு. மைல் எல்லாம் அதே லட்சணம்தான், விரிக்கவில்லை. அதற்கு ஒரே ஒரு கவர்ச்சி. மார்ச் முடிவதற்குள் வருஷத்தில் எட்டு லட்சம் தேய்த்துவிட்டால் உள்நாட்டுக்குள் போக வர ஒரு டிக்கெட் இலவசம். அதிலும் வரி இரண்டாயிரத்துச் சொச்சம் நாம்தான் கட்ட வேண்டும், ஒரு வருஷத்துக்குள் பறக்க வேண்டும். என் காசி டிக்கெட் இந்த மார்ச்சோடு காலாவதி ஆகிறது என்பதையும் அங்கேதான் படித்தேன். அது உன் வாயிலிருந்து வரவில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் சன்னதியில் நிற்க முடியாது. இந்த ஓசிப் பித்தை உனக்கு ஊட்டியவள் நான். நீ ஆறாவது படிக்கும்போது ஒரு தேயிலைப் பாக்கெட்டில் கூப்பன் வந்தது. இருபத்து நான்கு கூப்பன் சேர்த்தால் எவர்சில்வர் தூக்கு. நாம் மாதம் இரண்டு பாக்கெட் வாங்குகிறவர்கள், பாதி கூப்பன் சேர்ந்ததும் பொறுக்காமல் நான் ஒரே மாதத்தில் பன்னிரண்டு வாங்கினேன். ஒரு கூப்பனை நீ கப்பல் செய்து சாக்கடையில் விட்டுவிட்டாய். விறகுக் கட்டையால் உன்னை அடித்தேன். முதுகில் வரி வரியாக எழும்பியது. உன் நைனா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, “இன்னாடி இது, தூக்குக்கா புள்ளைய அடிச்ச? ஹார்பர்ல நூறு தூக்கு கெடக்குது” என்றார். நாம் இருபத்து நான்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனபோது திட்டம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் கையை விரித்தார். பூசணம் வாடை அடித்த அந்தத் தேயிலையை ஆறு மாதம் குடித்தோம். அன்றைக்கு நீ என்னிடம் கற்றுக்கொண்டது இதுதான்: இலவசமாக வருவதை இழந்தால் அம்மா அடிப்பாள். நன்றாகவே கற்றுக்கொண்டாய்.

இப்போது அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன். துணிப்பைக்குள் இரண்டு வருஷ ஸ்டேட்மெண்டும் இருந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் கொடுத்திருக்க மாட்டாய். மருமகள் மேல் பாயாதே, அவள் நீ சொன்னதை எடுத்து வந்தவள்.

அது ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு உன் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயக் குழாய் அடைத்திருக்கிறது, உடனே திறக்க வேண்டும், முன்பணம் அறுபதாயிரம் கட்டுங்கள் என்றார்கள். கையில் நாலாயிரம் இருந்தது. பேங்க் லீவு. உனக்குப் போன் போட்டேன். நீ பெங்களூரில் இறங்கியிருந்தாய். சரக்குப் பார்ட்டி ஒருவரோடு மீட்டிங் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாய். நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம்.

“யம்மா, பேஜாராவாத. வளையல கழட்டாத, அடகுக் கடைக்கெல்லாம் போவாத. நான் மத்தியானம் வந்துர்றேன். கார்டுல போட்டுக்கலாம், நாப்பத்தஞ்சு நாளு வட்டியே கெடையாது. அதுவரிக்கும் ஊசி கீசி போடச் சொல்லு, இன்னா?”

சரி என்றேன். அவசரப் பிரிவில் ஒரு திரைக்குப் பின்னால் அவரைப் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறான் என்றேன். அந்த நிலைமையிலும் அவருக்குக் கிண்டல் போகவில்லை. “பிளேன்லதான வரான். அதுக்கு பேசின் பிரிட்ஜ் டிராபிக் கெடையாதே, இன்னும் இன்னா வந்துகினே கீறான்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஹார்பர்ல ஷிப்டுக்குத்தான் டோக்கன். இங்க சாவுறதுக்கும் டோக்கன் போட்டு குந்த வச்சிருக்கானுங்கோ” என்று நர்ஸிடம் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நீ வந்தபோது மணி நான்கு. ஐந்தரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

உன் நீலக் கார்டின் ஸ்டேட்மெண்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு மூன்று வரி இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் டிக்கெட் ஒன்று. அதே நாள் பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஒன்று. மூன்றாவது, பெங்களூர் விமான நிலைய ஓய்வறை, இரண்டு ரூபாய். ஓசிச் சாப்பாட்டுக்கு முன்னால் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ரூபாய் தேய்ப்பார்களாம், மருமகள் சொன்னாள். டாக்ஸி இல்லை. நிலையத்துக்கு வெளியே ஒரு டீ இல்லை. பார்ட்டி இல்லை. எதற்குப் போனாய் என்று பொடி எழுத்தில் தேடினேன், அகப்பட்டது. வருஷத்துக்குப் பத்து தடவை பறந்தால்தான் விமானக் கம்பெனியில் உன் பெயருக்கு முன்னால் ‘கோல்டு’ என்று போடுவார்கள், தங்கக் கார்டு வேறு, இது வேறு. அதற்கு முன்னால் நீ பறந்தது எட்டு. போக ஒன்று, வர ஒன்று, பத்து ஆயிற்று. வரிசையில் நிற்காமல் பிளேன் ஏறும் உரிமைக்காகப் பெங்களூருக்குப் போய், நிலையத்தை விட்டு வெளியே வராமல், இரண்டு ரூபாய்க்கு இட்லி தின்றுவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாய். உன் நைனா இங்கே வரிசையில் படுத்திருந்தார். நான் பணம் கட்டும் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் இருந்தேன்.

நீ அவரைக் கொன்றாய் என்று நான் எழுதவில்லை. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. காலையிலேயே செய்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு அவர் பைலைப் புரட்டிக்கொண்டே, அதெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். சொல்ல முடியாது என்பதை நான் இல்லை என்று எழுதிக்கொள்ள மாட்டேன், ஆமாம் என்றும் எழுதிக்கொள்ள மாட்டேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

என் பங்கையும் கேள். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில் அடகுக் கடை இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் திறந்திருக்கும். என் இரண்டு கையிலும் ஆறு பவுன் இருந்தது. ரோட்டைத் தாண்டினால் கால் மணி நேரம். நான் ஏன் தாண்டவில்லை தெரியுமா? அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடகு வட்டியைக் கணக்குப் போட்டேன். உன் கார்டில் நாற்பத்தைந்து நாள் வட்டி இல்லை என்று நீ சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் வழியில் போனால் ஆயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் என்று வந்தது. இது சத்தியம். அந்த ஆயிரத்து இருநூறுக்காக என் புருஷனை ஒன்பது மணி நேரம் திரைக்குப் பின்னால் போட்டு வைத்தவள் நான். வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது. கழற்றக் கூடாது என்று வைத்திருக்கிறேன், சத்தம் கேட்கட்டும் என்று.

தங்கக் கார்டில் இன்னொரு வரி இருக்கிறது. அந்த மார்ச்சில் அவர் படுப்பதற்கு முன்னால் நீ அதில் தேய்த்திருந்தது ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம். டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வேண்டும், மாதம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை முன்பணம் அறுபதாயிரம். புதன்கிழமை உடலை வாங்குவதற்கு ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு. மொத்தம் எட்டு லட்சத்து எட்டாயிரத்து நானூறு. அதற்கு அடுத்த வரியிலேயே வாழ்த்துச் சொல்லி, போக வர ஒரு டிக்கெட் என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் புதன்கிழமை வண்டிக்காகக் காத்திருந்தபோது உன் போனில் ஏதோ வந்தது. பார்த்துவிட்டுப் பையில் போட்டாய். உன் முகம் ஒரு கணம் தெளிந்தது. துக்கத்திலும் பிள்ளை திடமாக இருக்கிறானே என்று அப்போது நினைத்தேன். அது இந்தச் செய்திதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நீ செய்வாயா, இல்லை என்று?

இப்படி வந்த டிக்கெட்டில்தான் அவருக்குத் திதி கொடுக்க என்னைக் காசிக்கு ஏற்றப் பார்த்தாய்.

அதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக் கடனில் நீ இதுவரை ஒரு ரூபாய் அசல் கட்டவில்லை, குறைந்தபட்சத் தொகை என்று கேட்டதை மட்டும் கட்டி வட்டியைத் தீர்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். மாதம் மூன்றரை வட்டி. பத்து மாதத்தில் எழுபத்தாறாயிரத்து நானூற்று நாற்பது, வரி தனி. காசிக்கு விமானத்தில் போய்வர எவ்வளவு என்று மருமகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். பதினாலாயிரம்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் கணக்குக்காரி இல்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது வேலையாகப் பறக்கிறவன், டிக்கெட் காசை அடுத்தவரிடம் வாங்கிக்கொள்கிறவன், கெடு தேதிக்கு முன்னால் முழுப் பணத்தையும் கட்டுகிறவன், அப்படிப்பட்ட ஒருவனுக்கு நீலக் கார்டு லாபம். சந்தா போக நாலைந்தாயிரம் நிற்கும். தங்கக் கார்டு, வருஷம் எட்டு லட்சம் எப்படியும் செலவழிக்கிற பெரிய கம்பெனிக்காரனுக்கு. நீ இந்த இரண்டு பேரும் இல்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அதே ரயிலில் விமான நிலையத்தில் இறங்குகிறாய் என்பதற்காக நீ பறக்கிற ஜாதி ஆகிவிட மாட்டாய். உனக்கு இரண்டும் நஷ்டம். மூன்றாவதும் நஷ்டம்.

நேற்று பேங்குக்குப் போனேன். டெபாசிட் முதிர இரண்டு மாதம்தான் இருக்கிறது, இப்போது உடைத்தால் ஒன்பதாயிரம் வட்டி போய்விடும், பொறுங்களேன் என்று அந்த ஆபீசர் தம்பி சொன்னார். ஒரு தடவை பொறுத்தது போதும் என்றேன், அவருக்குப் புரியவில்லை. இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறுக்கு உன் தங்கக் கார்டு கணக்குக்குச் செக் போட்டுவிட்டேன். உனக்கு உதவி என்று நினைத்துவிடாதே. என் புருஷன் செத்த செலவு என் கணக்கில் இருக்க வேண்டும், உன் மைல் கணக்கில் இருக்கக் கூடாது. அதனால் வந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கார்டுக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அப்படி ஒரு வசதி இல்லையாம். மீதிப் பணத்தை வேறு பேங்கில் போட்டிருக்கிறேன். நாமினி மருமகள். உன் படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்து இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது, வீணாக்குவானேன் என்று கணக்கையெல்லாம் அதில்தான் போட்டேன். சரிபார்த்துக்கொள்.

திதிக்கு நான் ரயிலில் போகிறேன். இரண்டு ராத்திரிப் பயணம், கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. வயதானவர்களுக்கான சலுகையை எடுத்துவிட்டார்கள், முழுக் கட்டணம். முழுசாகக் கட்டியதில் எனக்கு நிம்மதி. அந்த இலவச டிக்கெட்டில் உன் பெயரைப் போட்டுக்கொள். கொள்ளி வைத்தவன் நீ, பிண்டமும் நீதான் வைக்க வேண்டும். அந்த ஒரு காரியத்துக்கு நீ எனக்குத் தேவைப்படாமல் இருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது. ஓய்வறையில் நன்றாகச் சாப்பிடு. வரிசையில் நிற்காமல் ஏறு. நான் இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேருவேன்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிரியமான ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது. நான் கொய்யாப்பழத்தை விடுவதாக இருந்தேன். உனக்குத் தெரியும், அதைவிடப் பிரியமாக நான் எதையும் தின்றதில்லை. இப்போது முடிவை மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டு கார்டையும் கையில் எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வா. கங்கையில் இறங்கி நீ எதை விடுகிறாய் என்று மேல்படியில் நின்று பார்ப்பேன். அதைப் பார்த்த பிறகுதான், கொய்யாப்பழத்தை விடுவதா, பெற்ற பிள்ளையை விடுவதா என்று நான் முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா